திருச்சியில் மட்டும் தெரியாத கடை

கூகுளில் காசு கட்டினால் நம்ம கடை முதல் ஆளாக வந்து நிற்கும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மகள் வினோலியாதான். சாம்பல் புதன் அன்று, பெங்களூரிலிருந்து போனில். நான் பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நெற்றிச் சாம்பல் மூக்கின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். "அம்மா, நீ தைச்ச கவுன் படமெல்லாம் போட்டு வெப்சைட் செஞ்சு முடிச்சிட்டேன். ஆனா அது மட்டும் போதாது, கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாடி கடை போட்ட மாதிரி, யாரும் அந்தப் பக்கம் வரமாட்டாங்க. புதுநன்மை கவுன்னு யாராவது தேடுனா நம்ம கடை மேல வரணும். அதுக்கு விளம்பரம் குடுக்கணும்" என்றாள். விளம்பரம் என்றதும் எனக்கு ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு ஆடித் தள்ளுபடி என்று கத்திப் போவதுதான் ஞாபகம் வந்தது, என் பெயரை அப்படித் தெருத்தெருவாகக் கத்தினால் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன். "இது கத்துறது இல்லம்மா. தேடுறவங்க காதுல மட்டும் மெல்லப் போய்ச் சொல்றது. அவங்க அதைத் தொட்டு நம்ம கடைக்குள்ள வந்தா அந்த ஒரு தொடுதலுக்கு நாம காசு குடுக்கணும். பார்த்துட்டுச் சும்மா போனா ஒண்ணும் இல்ல." தெளிவாகத்தான் சொன்னாள். எனக்கும் தெளிவாகத்தான் புரிந்தது. தொடுகிறவர்களில் நானும் ஒருத்தி என்பது மட்டும் தோன்றவில்லை, சொந்த வீட்டு வாசப்படி ஏற யார் காசு கொடுப்பார்கள். இப்போது போன் மாதா சுரூபத்தின் காலடியில் குப்புறக் கிடக்கிறது, நான்தான் கவிழ்த்து வைத்தேன். மடியில் வெள்ளை சாட்டின் வழுக்கி வழுக்கி இறங்குகிறது, முட்டியால் அணைத்துப் பிடித்துக் கழுத்துப் பட்டியில் முத்து தைத்துக்கொண்டிருக்கிறேன். கோயிலில் மதிய மணி அடிக்கிறவரை போனைத் தொடுவதில்லை என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவாக ஒலித்தால் எடுக்கலாம். ஒலித்ததை எடுப்பது தொடுவதில் சேராது. சேராதுதானே, மாதாவே.

பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு இந்த வருடம் நம்ம பங்குக் கோயிலில் கவுன் கிடையாது. பூசை முடிகிற நேரத்து அறிவிப்பில் ஃபாதர் சொன்னார், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி, கோயிலே கொடுக்கும், முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், ஒரு பிள்ளை முத்தும் ஜரிகையுமாக முன்னால் வர இன்னொரு பிள்ளை ஓரமாய் ஒதுங்கி நிற்கக்கூடாது. எல்லாரும் திரும்பி, பங்குக்கே கவுன் தைக்கிற என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். பொய்யாக ஆட்டவில்லை. எனக்குப் புதுநன்மை கொடுத்த அன்று அம்மா பக்கத்து வீட்டு எஸ்தர் கவுனை இரவல் வாங்கி, அது தொளதொளவென்று இருந்ததால் முதுகில் ஊக்கு குத்தி அனுப்பினாள். முட்டி போட்டபோது ஊக்கு திறந்துகொண்டது. நற்கருணை அப்பமாக ஆண்டவர் நாக்கில் இருக்கும்போது ஆ என்று சொல்லக்கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன், கண்ணில் நீர் முட்டியது, சிஸ்டர் பார்த்துவிட்டு, பக்தியைப் பாருங்கள் பிள்ளைக்கு என்று அம்மாவிடம் சொன்னார்களாம். அதனால் ஃபாதர் சொன்னது சரி. சரியான ஒன்றுக்கு ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் கையில் வேலை இல்லை. பக்கத்துப் பங்குகளும் அங்கிக்கு மாறிவிட்டன. மகன் தோமினிக் கோயம்புத்தூரிலிருந்து வந்து முன் அறையில் நின்று, மெஷினையும் பார்த்தான், மடித்த துணிகளையும் பார்த்தான், பிறகு என் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிவிட்டான். "போதும்மா. மெஷினை யாருக்காவது குடுத்துட்டு எங்ககூட வந்து இரு. அப்பாவும் இல்ல, யாருக்காக இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கிற?" அவன் கெட்டவன் இல்லை. மருமகளும் தங்கமானவள், என் துணியைக்கூட என்னைத் துவைக்க விடமாட்டாள். அதுதான் பயம். அங்கே போனால் இந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது. போன முறை போயிருந்தபோது சோபாவில் உட்கார்ந்து சோபா உறையின் பிரிந்த ஓரத்தை யாருக்கும் தெரியாமல் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன், மருமகள் பார்த்துவிட்டு அழாத குறை. கடைசியில் அண்ணனும் தங்கையும் போனில் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். "சரி, குருத்து ஞாயிறுக்குள்ள தெரியாத ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த வெப்சைட்டைப் பார்த்து ஆர்டர் குடுக்கட்டும். நான் அப்புறம் வாயே திறக்கமாட்டேன். இல்லன்னா ஈஸ்டருக்குக் கார் எடுத்துட்டு வர்றேன்" என்றான். நாளை மறுநாள் குருத்து ஞாயிறு, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஊசி வழுக்கி விரலில் ஏறியது, துணியில் படாமல் சட்டென்று வாயில் வைத்துக்கொண்டேன். வெள்ளையில் ஒரு பொட்டு விழுந்தாலும் போயிற்று.

ஒருத்தர் போதும் என்றான் தோமினிக், ஆனால் முதல் வாரமே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வினோலியா சந்தோஷத்தில் போனில் கத்தினாள், "அம்மா, இன்னைக்கு எத்தனை பேர் தெரியுமா, காலை எட்டு மணிக்குள்ள." மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். யாரும் ஒரு கவுனும் வாங்கவில்லை. எல்லாரும் காலையிலேயே வந்து, தொட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, போய்விடுகிறார்கள், எட்டு மணிக்கெல்லாம் அன்றைக்கென்று ஒதுக்கிய காசு தீர்ந்து விளம்பரம் நின்றுவிடுகிறது, பகல் முழுக்க உண்மையாகத் தேடுகிறவர்களுக்கு நம்ம கடை கண்ணிலேயே படுவதில்லை. "எல்லாம் திருச்சிக்குள்ளயே இருந்து வருதும்மா. யாரோ வேணும்னே பண்றாங்க" என்றாள், குரல் உடைந்திருந்தது, அவள் சம்பளத்திலிருந்து கொடுக்கிற காசு. எனக்கு உடனே கடைவீதியில் ரெடிமேட் கவுன் விற்கிறவர் முகம் நினைவுக்கு வந்தது, அவர் நல்ல மனுஷன், என்னைப் பார்த்தால் தோத்திரம் அம்மா என்பார், இருந்தாலும் முகம் வந்தது, வந்ததற்கு அன்றைக்கே ஒரு செபமாலை சொன்னேன். அப்புறம் கேட்டேன், காலை எட்டு மணிக்குள்ளா. பூசை முடிந்து நாங்கள் மாதா குகைக் கெபியண்டை நிற்கிற நேரமா. எந்த நாளிலிருந்து என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏனென்றால் அதற்கு முந்தின அன்பியக் கூட்டத்தில், நம்ம தெருப் பெண்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டத்தில், என் கடைக்கு ஆள் வர வேண்டும் என்று ஜெபக் கருத்து சொன்னது நான்தான். ரீட்டா டீச்சர்தான் எங்கள் தலைவி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவர்கள், இப்போது எங்களை. "ஜெபம் சரி அடைக்கலம், கையும் கொஞ்சம் அசையணும்ல. எல்லாரும் போனை எடுங்க, தேடுங்க, அடைக்கலம் கடை வருதா, தொடுங்க. தினமும் பூசை முடிஞ்சதும் தொட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். ஆள் நடமாட்டம் இருந்தாத்தானே கடைக்கு மதிப்பு" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது அவர்கள் அன்பைப் பார்த்து. அன்றிலிருந்து தினமும் கெபியின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், பிறகு வரிசையாக நின்று தொடுவோம். கண் தெரியாத செபஸ்தியம்மாவின் விரலைப் பிடித்து நான்தான் தொட வைத்தேன். உண்டியலில் போடுகிறோம் என்று நினைத்து உண்டியலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம், அதுவும் என் பிள்ளையின் உண்டியல்.

வினோலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரி, திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். பார்த்தால் சிரிக்கிறாள். மூச்சு விடாமல் சிரிக்கிறாள், அவள் சின்னப் பிள்ளையில் சிரிக்கிற அதே சிரிப்பு. "யாரோ சதி பண்றாங்கன்னு நான் ராத்திரியெல்லாம் தூங்கலம்மா. கடைசியில செபஸ்தியம்மாவா?" அன்பியத்தில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தொடாதீர்கள் என்றேன். ஆளாளுக்குப் பேசினார்கள், இத்தனை நாள் தொடு தொடு என்றாய், இப்போது தொடாதே என்கிறாய், இதில் எது புண்ணியம் எது பாவம் என்று சொல்லிவிடு. ரீட்டா டீச்சர் மட்டும் சின்னக் குரலில், "தொடாதேங்கிற பேச்சு ஆதாம் ஏவாள் கிட்டயே எடுபடல அடைக்கலம். நாங்க எம்மாத்திரம்" என்றார்கள். எடுபடத்தான் இல்லை. பழகின விரல்கள் அடுத்த நாளும் தொட்டன, என் விரலும்தான், மேலே வந்து நிற்கிறதா என்று பார்க்கிற ஆசையில். நேற்று வினோலியா சொன்னாள், "அம்மா, இனி ஒரே வழிதான். விளம்பரம் எந்த ஊருல தெரியணும், எங்க தெரியக்கூடாதுன்னு நாமளே சொல்லலாம். திருச்சிய எடுத்துட்டேன். மத்த ஊருல எல்லாம் தெரியும். உனக்குத் தெரியாது. கையில இருக்கிற கடைசிக் காசு இது, தேடிப் பார்க்கிறேன்னு உட்கார்ந்துடாத." நேற்று இரவே கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஒரு முறை தேடினேன். உண்மைதான். யார் யார் கடையோ வந்தது, மும்பைக் கடை, கேரளத்துக் கடை, மெல்லிசாய் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கவுன் போட்டுச் சிரித்தார்கள். என் கடை இல்லை. கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், இல்லை. அதிலிருந்து நெஞ்சில் ஒரு நெருடல், சோற்றில் கல் கடித்த மாதிரி. உண்மையிலேயே வேறு ஊரில் தெரிகிறதா. வினோலியா ஏதாவது தப்பான இடத்தில் அழுத்தி எல்லா ஊரையும் எடுத்துவிட்டிருந்தால். எனக்குத் தெரியாததை இருக்கிறது என்று எப்படி நம்புவது. கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது, வாழ்நாளெல்லாம் நான் வேறு என்னதான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் அது வேறு, இது வேறு. அங்கே பூசையில் அப்பத்தையாவது கண்ணால் பார்க்கலாம்.

ஜன்னல் கம்பியில் நிழல் தட்டுகிறது. ரீட்டா டீச்சர், கையில் முருங்கைக்காய்க் கட்டு, வெள்ளிக்கிழமை, கறி தொடாத இந்தத் தவக்காலத்தில் இவர்கள் வீட்டில் முருங்கைக்காயைத் தவிர வேறு சமைப்பதே இல்லை. "என்ன அடைக்கலம், விரல் அரிக்குதா?" அரிக்குது டீச்சர் என்றேன். "எனக்கும்தான். காலையில பழக்கத்துல போனை எடுத்துட்டேன், சத்தியமா தொடணும்னு இல்ல, பார்க்கத்தான். உன் கடையவே காணோமே?" திருச்சியை எடுத்துவிட்டாள் மகள் என்று சொன்னேன். அவர்கள் முருங்கைக்காயால் கம்பியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். "ஊரு சேர்ந்து ஒருத்தரைத் தள்ளி வைக்கிறதக் கேள்விப்பட்டிருக்கேன். உன் மக ஒருத்தியா ஊரையே தள்ளி வெச்சிட்டாளே." பிறகு சிரிப்பு நின்றது. கம்பி வழியாக விரலை நீட்டி மடியிலிருந்த துணியைக் காட்டி, "இது யாருக்கு?" என்றார்கள். யாருக்குமில்லை டீச்சர், சும்மா ஒன்று தயாராக இருக்கட்டும் என்றாள் மகள் என்றேன். டீச்சர் முருங்கைக்காய்க் கட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்குமில்லை என்று நான் சொன்னது அறையிலேயே நின்றுவிட்டது. அதுதான் காலையிலிருந்து ஊசியைத் தடுக்கிறது, இப்போது தெரிகிறது. நான் பெயர் இல்லாமல் தைத்ததில்லை. பிள்ளை முதலில் வந்து இந்த ஸ்டூலில் ஏறி நிற்கும், கூச்சத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், மூச்சை விடு ராஜாத்தி, அப்புறம் நற்கருணை வாங்கும்போது கவுன் பிடிக்கும் என்பேன், அளவெடுத்துப் பெயர் கேட்பேன். ஒரு தையலுக்கு ஓர் அருள் நிறைந்த மரியே ஜெபம், நடுவில் அந்தப் பெயர். இந்த அன்சிலாவுக்காக. இந்த ஜெருஷாவுக்காக, நகம் கடிக்கிறாள், நிறுத்தட்டும். இந்தக் குட்டி லியோனிக்காக, அப்பா குடிக்கிறாராம். தோளில் கை ஏற்றுகிற தையல்தான் கடினம், அங்கே பெயரை மறுபடி மறுபடி சொல்வேன், சுருக்கம் விழாமல் வரும். வினோலியா புதுநன்மைக்குத் தைத்தபோது தொடங்கிய பழக்கம் இது, அவளுக்காகச் சொன்னதெல்லாம்தான் இன்றைக்கு அவளைப் பெங்களூரில் காக்கிறது என்று நினைத்துக்கொள்வேன், சொன்னால் சிரிப்பாள். இந்த கவுனுக்கு வெப்சைட்டில் எழுதியிருப்பது ஏழு முதல் எட்டு வயது. ஏழு முதல் எட்டு வயதுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவிடம் எப்படிச் சொல்வது. வாங்குகிறவர்கள் பிள்ளை பெயரையும் எழுத அங்கே ஓர் இடம் விடு என்று கேட்டேன். "வேண்டாம்மா. அளவு, விலாசம், போன் நம்பர் போதும். இந்தக் காலத்துல பிள்ளை பேரைக் கேட்டா யாரு இவங்க, எதுக்குக் கேக்கிறாங்கன்னு பயந்து பாதியிலயே போயிடுவாங்க. ஒவ்வொருத்தரையும் கதவு வரைக்கும் கூட்டிட்டு வர நாம காசு குடுக்கிறோம், நாமளே விரட்டக்கூடாது." அவள் சொல்வதும் சரிதான். சரியாகச் சொல்கிறவர்களாகவே எனக்கு வாய்க்கிறார்கள். கழுத்து முத்து முடிந்தது. உடம்பும் பாவாடையும் தயார். கை இரண்டும் ஏற்றாமல் மெஷின் மேல் கிடக்கின்றன, வெட்டியதை அப்படியே வைத்திருக்கிறேன், யாருடைய தோள் என்று தெரியாமல் ஏற்ற மனம் வரவில்லை. போனைப் பார்க்கிறேன். மாதாவின் காலடியில், மாதா மிதிக்கிற பாம்பு இருக்க வேண்டிய இடத்தில் சரியாகக் கிடக்கிறது. எடுத்து ஒரே ஒரு முறை. எடுத்தாலும் என்ன தெரியப்போகிறது, இந்த ஊரில் அது இல்லை. ஊசி பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்து, போனே சில நாள் என் விரலை யாரென்று தெரியாது என்கிறது. வேறு எங்கோ, நான் பார்க்காத ஊரில், பார்க்காத ஒரு வீட்டில், யாரோ ஒரு தாய் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து தேடுகிறாள், அவள் முன்னால் என் கடை போய் நிற்கிறது, கூச்சத்தோடு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. மூச்சை விடு ராஜாத்தி. அப்படி நினைத்ததும் கொஞ்சம் லேசானது. சரி, பெயர் பிறகு வரட்டும், யாரோ பிள்ளைக்காக, அருள் நிறைந்த மரியே.

கோயில் மணி அடிக்கிறது. எழுந்து நின்று மூவேளை ஜெபம் தொடங்கினேன், ஆண்டவருடைய தூதர் என்று வாய் சொல்லும்போதே போன் மேஜையில் அதிர்ந்து நகர்ந்தது, மாதாவின் பாதத்தை முட்டிக்கொண்டு நின்றது. ஜெபத்தை முடித்துவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டு முடிப்பதா. எடுத்தேன். பழகாத எண். ஓர் ஆம்பிளைக் குரல், பின்னால் காற்று அடிக்கிற சத்தம். "அம்மா, இந்தப் புதுநன்மை கவுன் கடைங்களா? ஏற்காட்டிலருந்து பேசுறேன். போன்ல தேடினேன், உங்க கடைதான் முதல்ல வந்துச்சு." முதல்ல வந்துச்சு. ஆமாங்க தம்பி, சொல்லுங்க. "இப்படிப் பார்த்துக் காசு கட்டி ஏமாந்திருக்கோம்மா ஒரு தடவை, அதான், நெஜமாவே ஆள் இருக்கீங்களான்னு கேட்டுப் பார்க்கலாம்னு." இருக்கேன் தம்பி என்றேன், இங்கேதான் இருக்கேன், திருச்சியில, பாலக்கரையில, மெஷினுக்குப் பக்கத்துலயே நிற்கிறேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் கொஞ்சம் சிரித்தார். "ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பாப்பாவுக்குப் புதுநன்மைங்க. எட்டு வயசு. போன வாரம் கொய்யா மரத்துல ஏறி விழுந்து வலது கையில மாவுக்கட்டு. சேலத்துல எந்தக் கடைக் கவுனும் அந்தக் கையில ஏற மாட்டேங்குது. இந்தக் கையோட சாமிகிட்டப் போகமாட்டேன்னு ஒரே அழுகை. ரெண்டாவது படத்துல இருக்கிறது, முத்து வெச்சது, அது அவளுக்குப் பிடிச்சிருக்கு. வலது கை மட்டும் அகலமாத் தெச்சுத் தர முடியுமாம்மா?" ரெண்டாவது படத்தில் இருக்கிற மாதிரிதான் இதையும் தைக்கிறேன், நான் எழுந்ததும் மடியிலிருந்து நாற்காலியில் சரிந்து கிடக்கிறது, கை இல்லாமல். முடியும் தம்பி, மணிக்கட்டிலருந்து தோள் வரைக்கும் திறந்து நாடா வெச்சுக் கட்டுற மாதிரி தைக்கிறேன், கட்டுப் பிரிச்ச பிறகும் போடலாம், ரெண்டு கையும் ஒரே மாதிரி வெச்சிடறேன், அப்போ ஒரு கை மட்டும் தனியாத் தெரியாது. மறுமுனையில் அவர் போனை விலக்கி யாரிடமோ, ரெண்டு கையும் ஒரே மாதிரியாம்டி என்றார், தூரத்தில் ஒரு சின்னக் குரல் ஏதோ கேட்டது. "சரிங்கம்மா, அப்போ வெப்சைட்டுல அந்த ஆர்டரைப் போட்டுடறேன். அளவு, விலாசம் எல்லாம் அதுலயே கேக்குதே, வேற ஏதாவது சொல்லணுங்களா?" வினோலியா சொன்னது காதில் ஓடியது, பயந்து பாதியில் போய்விடுவார்கள், நாமே விரட்டக்கூடாது. தோமினிக்கின் கார், சோபா, மருமகளின் நல்ல முகம் எல்லாம் ஓடியது. வெட்டி வைத்த கையை மெஷின் மேலிருந்து எடுத்து விரித்துப் பிடித்தேன், வெயில் அதன் வழியாகத் தெரிந்தது. "வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி. தைக்கும்போது வேண்டிக்கிறதுக்குத்தான், பாப்பா பேர் மட்டும் சொல்லுங்க."